உள்ளே வைக்கும் கால்

ஹெச்-17 மட்டும் அடங்க மறுத்தார்.

மற்ற இருபத்திரண்டு பேரும் பத்மப்ரியாவின் மாடலுக்குள் வந்து சமர்த்தாக உட்கார்ந்துவிட்டார்கள். இன்ன அகலத்தில் வாசல் இருந்தால் இன்னாருடைய கால் இத்தனை நொடி நின்றுபோகும் என்று கணினி சொன்னது. மனிதர்களும் அப்படியே நின்றுபோனார்கள். ஹெச்-17 என்ற இந்த ஒருவருடைய வரைகோடு மட்டும் ஒரு நாள் மேலே போனது, அடுத்த முறை கீழே வந்தது. வெள்ளிக்கிழமை கூட்டம். இன்று திங்கள். பத்மப்ரியா திரையைப் பார்த்து, ஈரோட்டில் அவளுடைய அம்மா கேட்டால் முகம் சுளிக்கிற ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

அவள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் கோபம் புரியாது. பார்க்கின்சன் நோய் முற்றும்போது சிலருக்கு நடந்துகொண்டிருக்கும் கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போ என்கிறது, உடம்பும் முன்னால் சாய்கிறது, பாதம் மட்டும் கிளம்பாது. விழுந்து எலும்பை முறித்துக்கொள்கிறவர்கள் ஏராளம். இதற்கு உறைதல் என்று பெயர். பெரும்பாலும் வாசல்களில்தான் வரும். ஏன் வாசலில் வருகிறது என்பதைத்தான் ஹப்ஸிகூடாவில் இருந்த அந்த மூன்று மாடி ஆராய்ச்சிக்கூடம் மூன்று வருடமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடியில் எலிகள். மூளையின் ஒரு பக்கத்தில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் பழுதாக்கப்பட்ட எலிகள், சின்னச் சின்ன இடுக்குகள் வழியாக நடந்து காட்டும். கீழ்த்தளத்தில் ஒரு நீளமான நடைக்கூடம்; அதன் நடுவில் சுவரில்லாமல் ஒரு மர நிலைவாசல் மட்டும் தனியாக நிற்கும். சென்சார் பொருத்திய காலணியோடு நோயாளிகள் அதன் வழியாக அப்படியும் இப்படியும் நடப்பார்கள். எலிகளின் கணக்கையும் மனிதர்களின் கணக்கையும் சேர்த்து மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பத்மப்ரியா ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி நகல் செய்வாள். ஒளிக்கோடு காட்டும் கைத்தடி உதவுமா, காதில் தாளம் கேட்டுக்கொண்டே நடந்தால் உதவுமா, மாத்திரை நேரத்தை மாற்றினால் போதுமா என்பதை முதலில் அந்த நகலிடம் சோதித்துப் பார்ப்பார்கள். நகல் விழுந்தால் யாருக்கும் அடிபடாது என்பதுதான் இதில் பெரிய வசதி.

நகல் ஆளோடு பொருந்தாவிட்டால் அந்த ஆளை ஆய்விலிருந்து விலக்கிவிடுவார்கள். நன்றிக் கடிதம் ஒன்று போகும்.

"தூக்கிடு," என்றான் அபிநவ். நடைக்கூடத்தின் பொறியாளர் அவன், வாரங்கல் பையன். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். "ரெண்டு தடவை வந்திருக்கார். முதல் தடவை லிஃப்ட் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் போறப்ப பத்துல ஒன்பது முறை நின்னுட்டார். திரும்பி வர்றப்ப ஒரு தடவைகூட இல்லை. ரெண்டாவது தடவை அப்படியே தலைகீழ். இடையில நாலு சுற்று எந்தப் பக்கமும் நிக்கவே இல்லை. நான் காலணியை மாத்தி மாட்டியிருப்பேன். என் தப்புதான். வெங்கட் சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அபிநவ் தப்பு செய்கிற ஆள் இல்லை, செய்ததாக ஒப்புக்கொள்கிற ஆள். அதுதான் அவளுக்கு உறுத்தியது. அந்த நாள் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அறையின் வெப்பநிலை இருந்தது, மாத்திரை சாப்பிட்ட நேரம் இருந்தது, செருப்பு அளவுகூட இருந்தது. தரையில் ஓடு எத்தனை மில்லிமீட்டர் என்றும் எழுதியிருந்தார்கள். இவ்வளவு எழுதியும் ஒரு வாசலில் ஒரு மனிதர் ஏன் ஒருநாள் போகும்போது நிற்கிறார், இன்னொரு நாள் வரும்போது நிற்கிறார் என்பது அதில் இல்லை.

"புதன்கிழமை ஒரு தடவை வரச் சொல்லு. நானும் கீழே வர்றேன்," என்றாள்.

மூன்று வருடத்தில் அவள் ஒரு நோயாளியையும் நேரில் பார்த்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஹெச்-17க்கு சீனிவாசன் என்று பெயர். ஐம்பத்தெட்டு வயது. ராமச்சந்திராபுரத்தின் பெரிய தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடமாக வேலை. டர்பைன் உறைகளின் வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலை விட்டுப் பார்த்துச் சொல்கிறவர். கோவில்பட்டிக்காரர். நல்ல உயரம், சலவைச் சட்டை, வலது கையில் லேசான நடுக்கம், தாடைக்கடியில் புதிதாக ஆறிய தையல். பக்கத்தில் அவர் மனைவி அன்னம்மாள், குள்ளமாக, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"எப்படிங்க வந்தீங்க? காரா?" என்று கேட்டாள் பத்மப்ரியா.

"ஹவ், காரு! நமக்கு எங்கம்மா காரு," என்று அந்த ஊர் ஹிந்தியில் ஆமாம் போட்டுச் சிரித்தார் சீனிவாசன். "மியாப்பூர் வரைக்கும் ஆட்டோ. அங்க மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில மாறி, இங்க எறங்குனோம்."

பத்மப்ரியா அவருடைய காலைப் பார்த்தாள். மெட்ரோவில் டிக்கெட் கதவு, ரயில் கதவு, மாறி ஏறுகிற இடத்தில் கூட்டம், மறுபடி கதவு. உறைகிற கால்களுக்கு அதைவிடக் கொடுமையான இடம் கிடையாது.

"வழியில எங்கயும் நிக்கலீங்களா, சார்?"

"எங்கயும் இல்ல. கம்பெனி பஸ்ஸுலகூட நிக்காது. ஃபேக்டரி ஷாப்புக்குள்ள எத்தன கதவு, எத்தன கிரேன், அங்கயும் நிக்காது. போறது பிரச்சினையே இல்லம்மா. வீட்டுக்குத் திரும்பி வாரதுதான் பிரச்சினை."

"மூணு தடவ வாசல்லயே விழுந்துட்டாக," என்றாள் அன்னம்மாள். "போன மாசம் தாடையில அஞ்சு தையல். நான் அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், இவுக வாசல்ல நின்னு ஆடுதாக, நான் ஓடி வாரதுக்குள்ள விழுந்துட்டாக. புனேயில இருக்க மக ஒரே பிடியா நிக்கா. வீட்டு வாசல்லயே விழுந்தா மிஷினுக்கு நடுவுல என்ன கதின்னு. லெட்டரே டைப் அடிச்சு அனுப்பிட்டா."

கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் காட்டினாள். விருப்ப ஓய்வுக் கடிதம். சீனிவாசன் அதைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க ஏதாவது வழி சொல்லுவீகன்னு ஒரு மாசம் லீவுல இருக்காக. லீவு இந்த வாரத்தோட முடியுது. ஒண்ணும் ஆகலைன்னா திங்கக்கிழம கையெழுத்துப் போட்டுக் குடுத்துரணும்."

"குடுத்துட்டு?" என்றாள் பத்மப்ரியா.

"குடுத்துட்டு வீட்டுல இருக்க வேண்டியதுதான்," என்றார் சீனிவாசன். "வெளிய போனாத்தான திரும்பி வரணும். போகாட்டி விழவும் மாட்டேன்."

கேலியாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. ஹெச்-17ஐத் தூக்கிவிடு என்றால் இதைத்தான் தூக்குகிறோம் என்று அப்போதுதான் பத்மப்ரியாவுக்கு உறைத்தது.

அபிநவ் வலது இடது என்று இரண்டு முறை சரிபார்த்துக் காலணியை மாட்டினான். அன்னம்மாளுக்கு ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டார்கள். சீனிவாசன் லிஃப்ட் பக்கத்திலிருந்து கிளம்பினார். வாசல்வரை நன்றாகத்தான் நடந்தார். வாசலுக்கு இரண்டடி முன்னால் கால் சின்னச் சின்னதாகத் தடுமாற ஆரம்பித்தது, பாதங்கள் இருந்த இடத்திலேயே படபடவென்று அடித்துக்கொண்டன, நின்றுவிட்டார். உடம்பு மட்டும் முன்னால் போனது. அபிநவ் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரச் சொன்னார்கள். மளமளவென்று வந்துவிட்டார். ஆறு சுற்று, ஆறும் அப்படியே.

"முதல் தடவை மாதிரியே," என்றான் அபிநவ். "அப்ப ரெண்டாவது தடவைதான் காலணி மாறியிருக்கு."

"ரெண்டாவது தடவ வந்தப்ப அந்த ஜன்னலு ஏசி சள்ளுனு மண்டையில அடிச்சிது," என்றாள் அன்னம்மாள், யாரும் கேட்காமலேயே. "இந்தத் தம்பிதான் நாற்காலிய அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுக் குடுத்திச்சு. இன்னிக்குப் பரவால்ல."

பத்மப்ரியா சட்டென்று திரும்பினாள். குறிப்பேட்டில் ஓட்டின் மில்லிமீட்டர் இருந்தது. அன்னம்மாளின் நாற்காலி இல்லை.

"ஆன்ட்டி, கொஞ்சம் லிஃப்ட் பக்கமா வந்து உக்கார்றீங்களா?"

நாற்காலி இடம் மாறியது. இப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து லிஃப்ட் பக்கம் வரும்போது கால் ஒட்டிக்கொண்டது, போகும்போது ஒன்றுமில்லை. அன்னம்மாளைத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லி கான்டீனுக்கு அனுப்பினாள். அவள் போனதும் சீனிவாசன் அந்த வாசல் வழியாக அப்படியும் இப்படியும் எட்டு முறை போனார், வந்தார். ஒரு முறைகூட நிற்கவில்லை. போன முறைகளில் நிற்காத அந்த நான்கு சுற்றும் தேநீர் இடைவேளைதான் என்று அபிநவுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"வாசல் அகலமே இல்லை காரணம். ஆன்ட்டிதான்," என்றாள் பத்மப்ரியா.

அபிநவ் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "பொண்டாட்டியைப் பாத்தா யாருக்கும் கால் நிக்கும், சார்," என்றான். சீனிவாசன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பயந்தவர் மாதிரி ஒன்றும் இல்லை.

பயமில்லை என்றால் வேறு என்ன? பத்மப்ரியா காணொளியை ஓட்டி, வேகத்தைக் குறைத்து, பாதங்களை மட்டும் பார்த்தாள். நிற்காத சுற்றுகளில் எந்தக் கால் முறைக்கு வந்ததோ அந்தக் கால் நிலையைத் தாண்டியது. பெரும்பாலும் இடது கால். நோய் அவருக்கு வலது பக்கம்தான் அதிகம், ஆகையால் இடதுதான் சுறுசுறுப்பு. நிற்கிற சுற்றுகளிலும் இடது கால்தான் முதலில் போனது. ஆனால் போன கால் நிலையைத் தாண்டவில்லை. நுனியில் தொட்டது, திரும்பி வந்தது. பிறகு வலது கால் கிளம்பப் பார்த்தது. வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மறுபடி இடது கால் போனது, மறுபடி திரும்பி வந்தது. அவ்வளவுதான் அந்தப் படபடப்பு முழுவதும்.

இடது காலை யாரோ திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எலிகளில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அன்னம்மாள் தேநீர்க் கோப்பைகளோடு திரும்பி வந்தாள். இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கிற நடைக்கூடம், சுற்றிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனாலும் வாசல் என்று ஒன்று இருக்கிறதே என்று அதன் வழியாகவே வந்தாள். நிலைக்கு முன்னால் ஒரு அரை அடி தயங்கி, காலை மாற்றி, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். அப்படி வைத்தது அவளுக்கே தெரியாது.

கூகட்பல்லியில் வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்று ஈரோட்டிலிருந்து வீடியோவில் அம்மா கத்தின கத்தல் பத்மப்ரியாவின் காதில் வந்து விழுந்தது. வலது கால், கண்ணு, வலது கால்!

"சார்," என்றாள். "வீட்டுக்குள்ள வர்றப்ப எந்தக் காலுங்க முதல்ல வைப்பீங்க?"

சீனிவாசன் விழித்தார். "இது என்ன கேள்வி? உள்ள வாரப்போ வலது காலத்தான வைப்பாக?"

"மெட்ரோவுல?"

"மெட்ரோ என்ன வீடா?"

"இந்த வாசல்? இதுவும் வீடில்லீங்களே."

அவர் அந்த மர நிலையைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். காது மடல்கள் சிவந்தன. "அவ உக்காந்திருக்கால்ல," என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அன்னம்மாள் உட்கார்ந்திருக்கிற பக்கம் உள்ளே. அவள் இல்லாத பக்கம் வெளியே. அவள் அறையிலேயே இல்லையென்றால் உள்ளே வெளியே எதுவும் கிடையாது, வெறும் மரக்கட்டை. மூன்று வருட ஆராய்ச்சியில் யாருக்கும் தோன்றாத இந்த அளவைச் சீனிவாசனின் பாதங்கள் பத்துக்கு ஒன்பது முறை சரியாகக் காட்டியிருந்தன. பாதங்களை நம்பாமல் காலணியைச் சந்தேகப்பட்டார்கள்.

பத்மப்ரியா சந்தோஷத்தில் கிட்டத்தட்டக் குதித்தாள். "அப்ப ரொம்ப சுலபங்க சார்! கைத்தடி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உள்ள வர்றப்ப இடது காலை வைங்க. அது நல்லாத்தான இருக்கு, அதைத் தடுக்காதீங்க. விழவே மாட்டீங்க."

"அது முடியாதும்மா," என்றார் சீனிவாசன்.

"பழகிக்கலாங்க..."

"பழகுறதுக்கில்ல. அவ இருக்க வீட்டுக்குள்ள இடது கால வச்சு வர மாட்டேன். விழுந்தாலும் சரி. நக்கோ, வேண்டவே வேண்டாம்." அவர் குரலில் இப்போது கேலி இல்லை.

அன்னம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தாடையில அஞ்சு தையல் போட்டப்ப உங்க வலது காலா வந்து தாங்கிச்சு? இத்தன நாளு இதுக்குத்தான் வாசல்ல நின்னு ஆடுனீகளா? நான் என்னமோ மூளையில பெரிசா என்னமோன்னு குலசாமிக்கு முடிஞ்சு வச்சிருக்கேன்!"

"நீ சும்மா இரு."

"ஏன் சும்மா இருக்கணும்? வேலைய விட்டுட்டு வீட்டுக்குள்ள கெடந்து சாகப் போறீக, ஒரு காலுக்காக?"

சீனிவாசன் நாற்காலியில் உட்கார்ந்தார். நடுங்குகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். பத்மப்ரியாவிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒரே ஒரு நாள் மறந்து இடது கால வச்சு வந்திருக்கேன்ம்மா. கல்யாணமாகி மூணாவது வருஷம். கம்பெனி வேலையா போபாலுக்குப் போயிட்டுப் பன்னண்டு நாள் கழிச்சு வாரேன். இவ மாசமா இருக்கா. பாக்கணுங்கிற அவசரம். பையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தவன் எந்தக் காலுன்னு பாக்கல. உள்ள வந்தப்புறந்தான் தெரிஞ்சுது, இடது காலு. சரி போட்டும்னு விட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே கலைஞ்சு போச்சு."

அபிநவுக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது. ஆனாலும் கையில் இருந்த டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதைப் பத்மப்ரியா மாணவர்களுக்கு வருடா வருடம் பாடமாகவே நடத்துகிறவள். அந்தப் பாடத்தை இங்கே எடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

அன்னம்மாள் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல?"

"அட மனுசா," என்றாள். அவள் முகம் கோணியது. "நீங்க போபால்ல இருக்கையிலயே எனக்குத் தெரியும். நீங்க வாரதுக்கு மூணு நாளைக்கு முன்னால ஆஸ்பத்திரிக்குப் போனேன். துடிப்பு இல்லம்மா, தானா போயிரும், இல்லாட்டி அடுத்த வாரம் வாங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. தூரத்துல இருக்க மனுசன்கிட்ட ஃபோன்ல எப்படிச் சொல்லன்னு வச்சிருந்தேன். வந்ததும் சொல்லலாம்னா, நீங்க மிட்டாய் டப்பாவோட சிரிச்சுக்கிட்டு ஓடி வாரீக. சொல்ல வாய் வரல. அப்புறம் சாயங்காலம் அது போச்சு. நீங்க அழுத அழுகையப் பாத்து, எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு சொல்லி இன்னும் எதுக்கு நோகடிக்கணும்னு விட்டுட்டேன்."

சீனிவாசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா?"

"மூணு நாளு. உங்க காலு அப்ப போபால்ல இருந்துச்சு."

இருபத்தெட்டு வருடம். ஒருவர் சொல்லாமல் சுமந்தார், இன்னொருவர் சுமக்க வேண்டாமென்று சொல்லாமல் இருந்தார். இரண்டு பேருடைய நல்லெண்ணமும் சேர்ந்து ஒரு மனிதரைத் தன் வீட்டு வாசலிலேயே மூன்று முறை தள்ளிவிட்டிருந்தது. பத்மப்ரியா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதை யாரிடமும் மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அபிநவ் மெதுவாகக் கேட்டான், "இன்னொரு சுற்று போகலாமா?"

சீனிவாசன் எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார். அன்னம்மாள் லிஃப்ட் பக்கத்து நாற்காலியில். நடந்து வந்தார். வாசலுக்கு முன்னால் மறுபடி படபடப்பு. இடது கால் போனது, திரும்பி வந்தது. தப்பு தன்னுடையது இல்லை என்று மனசுக்கு இப்போது தெரிந்திருக்கலாம். காலுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. மூளை அப்படித்தான், ஒரு மாடியில் வந்த சேதி இன்னொரு மாடிக்குப் போக நாளாகும்.

"அப்படியே நில்லுங்க," என்றாள் அன்னம்மாள்.

எழுந்து வந்தாள். வாசலைத் தாண்டி அவர் நிற்கிற பக்கம் போனாள். அவருடைய நடுங்குகிற வலது கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டாள்.

"இப்ப நான் வெளிய வந்துட்டேன். உள்ள யாரும் இல்ல. வாங்க, சேந்து போவோம். ரெண்டு பேருக்கும் சேத்து நானே வலது கால வைக்கேன். நீங்க எத வேணாலும் வைங்க."

அவள் வலது காலை வைத்தாள். பக்கத்தில் சீனிவாசனின் இடது கால் நிலைக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு தாண்டி, தரையில் பதிந்தது. அவர் உள்ளே இருந்தார்.

"போச்சு," என்றார் நம்பாதவர்போல.

"போச்சுல்ல? தினமும் பஸ் வார நேரத்துக்கு நான் வாசலுக்கு வெளிய நிக்கேன். ரெண்டு நிமிஷம் என்ன, அடுப்பு அமத்திட்டு வந்தாப் போச்சு."

"அந்தக் கவரு..." என்று ஆரம்பித்தார்.

"எந்தக் கவரு?" என்றாள் அன்னம்மாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஹெச்-17இன் வரைகோடு மற்ற எல்லாக் கோடுகளையும்விட அழகாகப் பொருந்தியது. தலைவர் வெங்கட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மாடலில் புதிதாக முளைத்திருக்கும் அந்த உறுப்பு என்னவென்று கேட்டார். அதன் பெயர் அன்னம், என்றாள் பத்மப்ரியா. அன்னம்மாள் உள்ளே இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். வெங்கட் சிரிக்க வாயெடுத்தவர், அபிநவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. மற்ற இருபத்திரண்டு பேரிடமும் உள்ளே வைக்கும் கால் எது என்று கேட்டுவரச் சொன்னார். ஒன்பது பேர் வலது என்றார்கள். எலிகளிடம் கேட்க முடியவில்லை.

திங்கட்கிழமை சீனிவாசன் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். சென்சார் காலணியை ஆறு மாதம் அவரே வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. தினமும் மாலை அதிலிருந்து கணக்கு பத்மப்ரியாவின் திரைக்கு வந்துவிடும். மாலை ஐந்தே முக்கால்தான் முக்கியமான நேரம். முதல் வாரம் இரண்டு முறை நின்றிருந்தது. அழைத்துக் கேட்டபோது, அன்றைக்குக் குக்கர் விசில் வந்துவிட்டதால் வெளியே வர ஒரு நிமிஷம் தாமதம் என்றாள் அன்னம்மாள். அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரமும் ஒன்று. நன்றாக வாழ்கிற வீடு என்றால் வாரத்துக்கு ஒரு குக்கர் விசிலாவது தாமதமாக்கத்தானே செய்யும். கோடு படிப்படியாக இறங்குவதைப் பத்மப்ரியா தினமும் காலையில் காபியோடு பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது மாதம் திடீரென்று பூஜ்யம் வந்தது. அடுத்த நாளும் பூஜ்யம். அதற்கடுத்த நாளும். எட்டு நாள் தொடர்ந்து ஐந்தே முக்காலுக்கு ஒரு உறைவுகூட இல்லை. எந்தத் தடங்கலும் இல்லாமல், வேகம் குறையாமல், இடது காலோ வலது காலோ எது முறையோ அது, ஒரே வீச்சில் வாசலைத் தாண்டியிருந்தது. இருபத்து மூன்று பேரில் யாருக்கும் இப்படி வந்ததில்லை. பத்மப்ரியாவால் உட்கார முடியவில்லை. கால் கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டது என்று அபிநவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அன்று மாலை ஆறு மணிக்குச் சீனிவாசனை அழைத்தாள்.

"சார், எட்டு நாளா பூஜ்யம்! ஒரு தடவைகூட நிக்கலை. எப்படிங்க இருக்கு உங்களுக்கு?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் இல்லை, குக்கர் சத்தம் இல்லை.

"அவ ஊருக்குப் போயிருக்காம்மா," என்றார் சீனிவாசன். "கோவில்பட்டியில அவ தங்கச்சிக்கு முட்டு ஆபரேஷன். இன்னும் நாலு நாளாகும் வர. சர்ருனு உள்ள வந்துருதேன். எங்கயும் நிக்க மாட்டேங்குது."

"ஓ," என்றாள் பத்மப்ரியா.

"நின்னாத் தேவலைன்னு இருக்கு," என்றார்.

சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். கான்டீனில் ஆச்சு என்றார். ஃபோனை வைத்த பிறகு எட்டு நாள் வரிசையையும் திறந்து, அன்னம் என்ற கட்டத்தில், அன்னம்மாள் வீட்டில் இருப்பதாக எண்ணிப் போட்டிருந்த ஒன்றை ஒவ்வொரு நாளுக்கும் அழித்துப் பூஜ்யம் போட்டாள். மாடலை மறுபடி ஓட்டினாள். எட்டு நாளும் அப்படியே அச்சாகப் பொருந்தின.